அப்பா விட்டுப்போன இரட்டைக்குழல்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனம் கிளம்பிய பிறகுதான் பீரோவின் அடித்தட்டைத் திறந்தார்கள். பழைய வேட்டியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தது அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினோரு தோட்டாக்கள். பிளாஸ்டிக் பையில் உரிமப் புத்தகம். கடைசியாகப் புதுப்பித்த காலம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அப்பா படுக்கையில் இருந்த அந்த ஏழு மாதமும் யாருக்கும் அது நினைவில்லை.

வீடு கடலூர் முதுநகரில். நிலம் குறிஞ்சிப்பாடிப் பக்கம், நாலு ஏக்கர். பாதியில் மல்லாட்டை, மீதியில் சவுக்கு. மூத்த மகன்தான் விவசாயம் பார்க்கிறார். இரண்டு வருடமாகக் காட்டுப்பன்றி வந்து கொல்லையை ஏர் ஓட்டியது போலக் கிளறிவிட்டுப் போகிறது. துப்பாக்கியைப் பார்த்ததும் அவர் மனசு நேராகக் கொல்லைக்குப் போய்விட்டது.

"எண்ணெய் போட்டு நல்லா தொடச்சா ஓடும்டா. அப்பா எத்தன வாட்டி சுட்டிருக்காரு."

சென்னையில் வேலையில் இருக்கும் இளையவருக்கு வேறு யோசனை. "வேணாம்ணா. பாலிஷ் போட்டு ஹால்ல மாட்டிடலாம். தாத்தா காலத்துப் பொருள், பாக்கவே லட்சணமா இருக்கு."

அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "அந்தச் சனியன மொதல்ல உப்பனாத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டு வாங்கடா."

இன்னும் ஊருக்குக் கிளம்பாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "மூணு பேர் சொன்னதும் ஜெயிலுக்கு வழி. மொதல்ல அத யாரும் தொடாதீங்க."

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய. மாவட்டம் 1993-ல் பிரிவதற்கு முன் கொடுத்த உரிமப் புத்தகங்களில் தென்னார்க்காடு என்றே முத்திரை இருக்கும். மிராசு வீடுகள், கரும்பு போட்ட வீடுகள், முந்திரிக் காடு வைத்திருந்த வீடுகள் என்று பலவற்றில் பயிர்ப் பாதுகாப்புக்கென ஒரு துப்பாக்கி இருந்தது. இந்தக் கடற்கரைக்கும் துப்பாக்கி மருந்துக்கும் பழக்கம் அதைவிடப் பழையது. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்தான் நில எல்லை. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது.

துப்பாக்கி வாங்கிய தலைமுறை இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைப் பிடிக்கவே தெரியாது. அதனால் துப்பாக்கியை எப்படித் துடைப்பது என்று பார்ப்பதற்கு முன், யார் துடைக்கலாம் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

டிராக்டர் வரும், ஓட்டுநர் உரிமம் வராது

அப்பா இறந்தால் அவருடைய டிராக்டர் பிள்ளைக்கு வரும். அவருடைய டிரைவிங் லைசென்ஸ் வராது. துப்பாக்கியும் அப்படித்தான். பொருள் வாரிசுகளுக்குச் சேரும். அதை வைத்திருக்கும் உரிமை அப்பாவோடு முடிந்துவிடும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: துப்பாக்கியை வைத்திருப்பது எந்தக் காரணத்தால் சட்டப்படி செல்லாமல் போனாலும், தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தோட்டாவையும் சேர்த்துத்தான். ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. விதியில் குறித்த காலத்துக்குள் வாரிசு உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். காலத்தைத் தவறவிட்டால்தான் அரசுக்குப் போகும்.

ஒப்படைக்காமல் பீரோவிலேயே வைத்திருந்தால் அது உரிமம் இல்லாத துப்பாக்கி. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் தண்டனை 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். அம்மா சொன்னபடி ஆற்றில் போட்டாலும் விடாது. அரசின் பதிவேட்டில் அந்தத் துப்பாக்கி எண் அப்பா பெயரில் நிற்கிறது. ஒருநாள் விசாரணைக்கு வருவார்கள். ஆற்றில் போட்டதை எந்த மீனவர் வலையாவது வாரிக்கொண்டு வந்தால் கதை இன்னும் நீளும்.

"அது ஓடாத துப்பாக்கிதானே, அதற்கு எதற்கு உரிமம்?" என்று கேட்கிறவர்களும் உண்டு. சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழைய காலத்து ஆயுதத்துக்கும் பழுதான ஆயுதத்துக்கும் விலக்கு தருவது உண்மை. ஆனால் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். குதிரை உடைந்திருக்கிறது, விசை இறுகிவிட்டது என்பதெல்லாம் அதில் சேராது. ஒரு மெக்கானிக் அரை நாளில் சரிசெய்துவிடுவார். அருங்காட்சிப் பொருள் வகையில் சேரும் ஆயுதங்களுக்கு 2020 விதித் திருத்தத்தில் கொஞ்சம் தளர்வு உண்டு. நம் வீட்டுத் துப்பாக்கி அந்த வகையா என்பதை நாமே முடிவு செய்துகொள்ள முடியாது. இளையவர் ஆசைப்பட்டபடி ஹாலில் மாட்டுவதற்கு முன் இதெல்லாம் தீர வேண்டும்.

சுற்றி இருக்கும் வேட்டியை அவிழ்க்கும் முன்

துப்பாக்கியை முதலில் கண்டெடுப்பவர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. பிள்ளைகளை வெளியே அனுப்ப வேண்டும். உள்ளே தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். குழல் வாயை யார் பக்கமும் திருப்பக்கூடாது. வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. விசையில் விரல் போகக்கூடாது. பின்புறம் மடக்கித் திறக்கும் துப்பாக்கியாக இருந்து, திறக்கத் தெரிந்தவரும் உடன் இருந்தால், திறந்து தோட்டா இருக்கிறதா என்று பார்க்கலாம். திறக்காவிட்டால் சுத்தியலைத் தேடக்கூடாது. அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, உரிமப் புத்தகத்தைக் காட்டி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பதே முறை. ஒப்படைத்ததற்கு எண், தேதியோடு ரசீது வாங்க வேண்டும். துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் அதில் இருக்கிறதா என்று அங்கேயே சரிபார்ப்பது நல்லது.

வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி என்றால் இன்னும் கவனம். பின்புறம் திறக்காது என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாது. பன்றிக்காகக் கெட்டித்து, பன்றி வராமல், அப்படியே மூலையில் சாத்திய துப்பாக்கிகள் உண்டு. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் பல பத்தாண்டு கழித்தும் வெடிக்கும். தெரிந்தவர்கள் கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் மெதுவாக இறக்கி, வாயில் அடையாளம் வைத்து, அதே கம்பியை வெளியே குழலோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள். அடிவரை கம்பி போகவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. மருந்தாகவும் இருக்கலாம், குளவிக் கூடாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் வீட்டில் வைத்து நோண்டும் வேலை கிடையாது.

முதுநகர் வீட்டில் சித்தப்பாவே நிலையத்துக்குப் பேசினார். மறுநாள் துப்பாக்கியும் பதினோரு தோட்டாவும் ஒப்படைக்கப்பட்டன. பிறகு முறைப்படி உரிமம் பெற்ற கடையின் பாதுகாப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கேதான் அதை முதன்முதலாக ஒரு கைதேர்ந்தவர் பிரித்துப் பார்த்தார்.

குழலைப் படிப்பவர்

துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். பம்புசெட்டுக்கு புஷ் கடைந்து தரும் லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஊர்க் கொல்லர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் அவரையும் வழக்கில் மாட்டிவிடுகிறோம். குழலை வெட்டிக் குட்டையாக்குவது தனிக் குற்றம். துப்பாக்கியில் பொறித்த எண்ணையோ பெயரையோ தேய்த்து அழிப்பதும் குற்றம். பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்தவர்கள் தெரியாமல் செய்துவிடுவது இதைத்தான்.

எண் அழிந்தால் சட்டச் சிக்கல். அதன் பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன முத்திரைகள் அழிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த முத்திரைகள்தான் துப்பாக்கியின் ஜாதகம். இங்கிலாந்தில் செய்த துப்பாக்கிகளை விற்பனைக்கு முன் லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையில் அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால் முத்திரை குத்துவார்கள். பர்மிங்காம் சோதனைச் சாலை 1813 முதல் இருக்கிறது. குழலைக் கழற்றித் திருப்பினால், தோட்டா நுழையும் இடத்தின் அடிப்பக்கத்தில் இந்த முத்திரைகள் தெரியும். பர்மிங்காம் முத்திரையில் கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்ற எழுத்து இருந்தால், புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். 1904-க்கு முந்தைய பல துப்பாக்கிகளில் அது இருக்காது. கருமருந்துக்கு மட்டும் சோதித்தவை அவை. இன்று கடையில் கிடைக்கும் தோட்டாக்களில் இருப்பது புகையில்லா மருந்து.

குழலின் மேல் மயிலிறகு போலவோ பாம்புத் தோல் போலவோ சுருள் சுருளாகக் கோடு தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் முறுக்கி, ஓர் அச்சுக் கம்பியின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். டமாஸ்கஸ் என்றதும் நம் தமிழ்நாட்டு உருக்கில் செய்த பழைய வாள் நினைவுக்கு வரும். பெயர்தான் ஒன்று, செய்முறை வேறு. (இரும்பு என்றால் சிதம்பரம் பக்கத்து ஆட்களுக்குப் பரங்கிப்பேட்டையும் நினைவுக்கு வர வேண்டும். ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புக்கல்லைக் கொண்டுவந்து 1830-களில் அங்கே இரும்பாலை நடத்தினார். இப்போது அதைப் பற்றிப் பேசுவோரே குறைவு.) டமாஸ்கஸ் குழல் பார்க்க அழகு. ஆனால் சுற்றி ஒட்டிய ஆயிரம் ஒட்டில் எங்கே துரு உள்ளே புகுந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லாத டமாஸ்கஸ் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் பிளக்கும். பிளக்கும் இடம் பெரும்பாலும் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்கு அருகில்தான்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்களே விழுவது அதில்தான். 12 போர் என்பது குழலின் அகலத்தைக் குறிக்கும். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அந்த உருண்டையின் விட்டம் 18.5 மில்லிமீட்டர். அகலம் எல்லா 12 போருக்கும் ஒன்றுதான். தோட்டாவின் நீளம் ஒன்றல்ல. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் பல 2½ அங்குலத் தோட்டாவுக்கு, அதாவது 65 மில்லிமீட்டருக்குச் செய்தவை. இப்போது 70 மில்லிமீட்டர் தோட்டாவும் கிடைக்கிறது. அந்த 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வெடிக்கும் முன் வாய் மடிந்திருப்பதால் பழைய துப்பாக்கிக்குள்ளும் அது ஒழுங்காக நுழையும், துப்பாக்கியும் மூடும். சுட்டவுடன் மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் இடத்தில் போய் அடைக்கும். உள்ளே அழுத்தம் எகிறும். "போட்டா போவுது, மூடினா மூடுது" என்பதை வைத்து எந்தத் தோட்டா சரி என்று முடிவு செய்ய முடியாது. அறையின் நீளத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் குழலைத் தனியாகக் கழற்றினார். கொக்கியில் ஒரு விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, விரல் கணுவால் தட்டினார். கோயில் மணி போல ஓசை நின்று ஒலித்தால் இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு நன்றாக இருக்கிறது. உடைந்த பானையைத் தட்டியது போல 'டப்' என்றால் எங்கோ விட்டிருக்கிறது. இதில் ஓசை பாதிதான் வந்தது. பிறகு குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தார். இடது குழல் பரவாயில்லை. வலது குழலில் நடுவில் அம்மைத் தழும்பு போலத் துருக்குழிகள். சுட்ட பிறகு சரியாகத் துடைக்காத குழலில் வருவது அது. கருமருந்துக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரம் இரும்பைத் தின்னும்.

அடுத்து அளவு. குழலின் உள்விட்டம் சோதித்த காலத்தில் இருந்ததைவிட ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் அகன்றிருந்தால், இங்கிலாந்து முறைப்படி அந்தப் பழைய முத்திரை செல்லாது. துருவைப் போக்க யாரோ உள்ளே கடைந்திருந்தால் இப்படி ஆகும். குழல் சுவரின் கனத்தையும் பார்க்க வேண்டும். மிக மெல்லிய இடத்தில் அரை மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது துப்பாக்கிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அது ஏறக்குறைய இரண்டு அஞ்சலட்டையின் கனம். அதற்குக் கீழே போனால், கதவில் இடித்தால்கூடக் குழல் நசுங்கும்.

பிறகு குழலை மாட்டி, முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டிப் பார்த்தார். கீல் தேய்ந்த கதவு போல லேசாக ஆடியது. குழலின் பின்முகமும் துப்பாக்கியின் தகடும் இடைவெளி இல்லாமல் முத்தமிட வேண்டிய இடம் அது. இடைவெளி வந்துவிட்டால் சுடும்போது நெருப்பும் வாயுவும் முகத்தை நோக்கி வரும். பூட்டைத் திறந்து குதிரை நிற்கும் படிகளைப் பார்த்தார். பாதி ஏற்றிய நிலையில் கட்டை விரலால் அழுத்தினால் குதிரை நழுவக்கூடாது. விசையை இழுத்துப் பார்க்க வெறும் அறையில் 'டிக் டிக்' என்று அடிக்காமல் போலித் தோட்டா போட்டு அடித்தார். வெறும் அறையில் அடித்தால் பழைய ஊசி முறியும், முறிந்த ஊசிக்கு மாற்று கடையில் கிடைக்காது. கையால்தான் செய்ய வேண்டும். கட்டையில், பூட்டுக்குப் பின்னால், கைப்பிடி மெலியும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பல வருடமாக எண்ணெய் இறங்கி மரம் கறுத்து மெத்தென்று ஆகியிருந்தது.

முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அவர் சொன்ன முடிவு இது: பர்மிங்காம் துப்பாக்கி, கருமருந்துக் காலம், 2½ அங்குல அறை, புகையில்லா மருந்துக்கான முத்திரை இல்லை. "தொடச்சு வைக்கலாம். சுடக்கூடாது."

மூத்தவர் முகம் விழுந்துவிட்டது. "எங்கப்பா சுட்டாருங்களே?"

"சுட்டாரு. அவரு காலத்துக்கு அது தாங்கிச்சு. ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கிட்டுதான் தாங்கியிருக்கு."

தேங்காயெண்ணெய் வேண்டாம்

உரிமம் செல்லுபடியாக இருந்து துப்பாக்கி வீட்டில் இருப்பவர்களுக்குப் பராமரிப்பு பெரிய வித்தையில்லை. கடலூர், பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற ஊர்களில் உப்புக்காற்றுதான் முதல் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும். இரும்பு என்ன செய்யும்? மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது எடுத்து, காலி என்று உறுதி செய்துகொண்டு, குழலுக்குள் உலர்ந்த துணியை ஓட்டி, பிறகு மெல்லிய இயந்திர எண்ணெய் நனைத்த துணியை ஓட்ட வேண்டும். தையல் மிஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெயே போதும். வெளியே ஒரு துடைப்பு. விரல் ரேகையில் இருக்கும் உப்பே துருப்பிடிக்கப் போதும் என்பதால், கடைசியாகத் துடைத்த பிறகு இரும்பை வெறுங்கையால் தொடாமல் வைப்பது நல்லது.

தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் அது போதும். நாம் தினம் எடுத்துப் புழங்குகிறோம். துப்பாக்கிப் பூட்டுக்குள் போன தாவர எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகி, தூசியைப் பிடித்து, குதிரையை இறுக்கிவிடும். "ஓடாத" துப்பாக்கிகளில் பல இப்படி இறுகியவைதான். எண்ணெய் அதிகமானாலும் கெடுதல். அதிகமானது வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை மெத்தாக்கும். எண்ணெய் போட்ட துப்பாக்கியை இரண்டு நாள் குழல் வாய் கீழாக, ஒரு பழந்துணியின் மேல் சாய்த்து வைத்தால் மிச்சம் வடிந்துவிடும்.

வேட்டியிலோ தோல் உறையிலோ சுற்றி வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறோம். துணியும் தோலும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டிவைத்திருக்கும். பூட்டுள்ள இரும்பு அலமாரியில், காற்று படும்படி, உறையில்லாமல் நிறுத்துவது மேல். தோட்டா வேறு பூட்டில். 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது போல மறுபடி நடந்து துப்பாக்கி நனைந்தால், நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் போட்டு, தாமதிக்காமல் உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பூட்டுக்குள் போன சேற்றுத் தண்ணீர் ஒரு வாரத்தில் வேலையைக் காட்டிவிடும். நனைந்த தோட்டாவைக் காயவைத்துப் பார்க்கும் யோசனையே கூடாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். திரும்ப வாங்கும்போது துருவேறிவிட்டது என்று குறைப்படும் விவசாயிகள் உண்டு. ஒப்படைக்கும் முன்தினம் உள்ளும் வெளியும் எண்ணெய் தடவி, குழல் வாயைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டிக் கொடுத்தால் பாதிக் குறை தீரும். குளவியும் கூடு கட்டாது. திரும்ப வாங்கியதும் முதல் வேலை அந்தத் துணியை அவிழ்ப்பது.

துப்பாக்கிக்கு மரியாதை செய்வதைக் குடகிலிருந்து கற்றுக்கொள்ளலாம். அங்கே கொடவர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு ஆங்கிலேயர் காலம் தொட்டு இருக்கிறது. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. நடவு முடிந்ததும் செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போது பண்டிகையில் வீட்டுத் துப்பாக்கிகளைச் சுத்தம் செய்து, பூஜை அறையில் வைத்து, குழல் வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். அந்தப் பூ நம் மாநில மலர் செங்காந்தள். கண்வலிக்கிழங்கு என்று விதைக்காக நாம் பயிர் செய்யும் அதே கொடிதான். வருடம் ஒருநாளாவது கட்டாயம் பிரித்துத் துடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. நம் ஊரில் ஆயுத பூஜையன்று மோட்டாருக்கும் டிராக்டருக்கும் பொட்டு வைக்கிறோம். உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர் அன்றைக்கே அதையும் பார்த்துவிடலாம்.

பன்றியைச் சுடலாமா?

மூத்தவர் கடைசியில் இதைத்தான் கேட்டார். இந்தத் துப்பாக்கி வேண்டாம், வேறு நல்ல துப்பாக்கி என்றால்? உரிமத்தில் "பயிர்ப் பாதுகாப்பு" என்றுதானே எழுதியிருக்கிறது?

எழுதியிருக்கிறது. ஆயுதச் சட்டமும் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் தரச் சொல்கிறது. ஆனால் காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. துப்பாக்கிக்கு வாங்கிய உரிமம் பன்றியைக் கொல்வதற்கான அனுமதி ஆகாது. கேரளத்தில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அனுமதி தரும் அதிகாரம் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழகத்தில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறை வேறு: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறையினர். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் எதுவும் செய்யக்கூடாது. விவசாயி செய்ய வேண்டியது சேதத்தைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் மனு கொடுப்பது.

துப்பாக்கிக்குப் பதிலாக மின்கம்பியைக் கொல்லையில் இழுப்பது அதைவிட மோசம். பன்றிக்கு இழுத்த கம்பியில் மனிதர் இறந்த செய்தி வருடம் தவறாமல் வருகிறது. சூரிய மின்வேலி போடுவதென்றால் 2023-ல் வந்த விதிப்படி பதிவு செய்து போட வேண்டும். மல்லாட்டை காய் பிடித்த நாளிலிருந்து பிடுங்கும் வரைதான் பன்றியின் கண் அதன் மேல். அந்த நாட்களில் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் நாலு பேர் முறை வைத்துக் காவல் இருப்பதும், விளக்கும் சத்தமும் இடம் மாற்றி மாற்றி வைப்பதும் பலன் தருகிறது. ஒரே இடத்தில் ஒரே சத்தம் என்றால் மூன்றாம் நாள் பன்றிக்குப் பழகிவிடும். குறிஞ்சிப்பாடிக் கொல்லையில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

உரிமத்துக்கு மூத்தவர் மனு போட்டிருக்கிறார். சுடுவதற்கல்ல, அப்பாவின் பொருள் வீட்டில் இருக்கட்டும் என்று. இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்று, தம்பியும் அம்மாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதம், மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று, அப்பாவின் பழைய புத்தகம், ஒப்படைத்த ரசீது ஆகியவற்றோடு மனு மாவட்ட ஆட்சியருக்குப் போகும். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். மனுதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பரம்பரையாக வந்ததையும் சேர்த்து ஒருவர் பெயரில் 2 துப்பாக்கிக்கு மேல் இருக்கக்கூடாது. கிடைக்கும் உரிமத்தின் காலம் 5 ஆண்டு. உரிமம் கைக்கு வந்தபிறகு துப்பாக்கியைக் கடைக்குப் பழுதுபார்க்க அனுப்ப வேண்டியிருந்தால் உரிமதாரரே போக வேண்டும் என்பதில்லை; அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு வேறொருவர் கொண்டுபோகச் சட்டம் இடம் தருகிறது.

அப்பா உயிரோடு இருக்கும் வீடுகளுக்கு வேலை இதைவிடச் சுலபம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் இருக்கும்போதே தாம் குறிப்பிடும் வாரிசின் பெயரில் உரிமம் கேட்கலாம். பீரோவைத் திறந்து உரிமப் புத்தகத்தில் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: காலாவதித் தேதி, யு.ஐ.என். என்னும் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, புத்தகத்தில் உள்ள துப்பாக்கி எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா.